ஓடிபியைச் சொல்லமாட்டேன்

"...அந்த ஓடிபியை மட்டும் பறஞ்சாப் போதும் அக்கா, பாக்கியெல்லாம் நான் நோக்கிக்கறேன்" என்றார் கேபிள்காரர். ஒரு கையில் நான் கொடுத்த சாயா, மறு கையில் அவருடைய ஃபோன். செருப்பைக்கூடக் கழற்றவில்லை. வாசலில் நின்றபடியே முடிந்துவிடும் என்று நினைத்து வந்திருக்கிறார்.

அக்கா என்றதுமே எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இந்த மனிதருக்கு என்னால் ஏதாவது ஆக வேண்டுமென்றால் நான் அக்கா. எனக்கு அவரால் ஆக வேண்டுமென்றால் வெறும் சேச்சி. நான் கொஞ்சம் குரலை உயர்த்தினால் அன்றைக்கு மேடம். வீட்டில் பேசுவது தமிழ் என்றாலும், மட்டாஞ்சேரியில் பிறந்து, இங்கேயே மலையாளப் பள்ளிக்கூடத்தில் படித்தவள் நான். தமிழ் எழுத்தைத்தான் நானாகப் பிடித்துக்கொண்டேன், மளிகைப் பாக்கெட்டுகளையும் ஊரிலிருந்து பலகாரம் பொதிந்து வந்த பேப்பர்களையும் எழுத்துக் கூட்டிக் கூட்டி. மலையாளத்திலேயே பேசுங்கள் என்று எத்தனையோ தடவை சொல்லியாகிவிட்டது. கேட்டால்தானே? "எனக்குத் தமிழ் அறியும் அக்கா, எல்லாப் படமும் காணும்" என்பார்.

ஓடிபி கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். நெட் வரவில்லை என்று கம்பெனிக்குப் புகார் கொடுத்தால், நம் ஃபோனுக்கு ஒரு எண் வரும். சரிபார்க்க வருகிறவர் அந்த எண்ணைக் கேட்டு வாங்கித் தன் ஃபோனில் அடித்துவிட்டால் புகார் முடிந்தது. கவனியுங்கள், நெட் சரியானால் புகார் முடிவதில்லை. எண்ணைச் சொன்னால் முடிந்துவிடுகிறது. வீட்டுக்கு வந்த மனிதர், வெயிலில் வந்தவர், சாயா குடித்துக்கொண்டே கேட்கிறார், எப்படி மாட்டேன் என்பது? ஒவ்வொரு தடவையும் சொன்னேன். ஒவ்வொரு தடவையும் கம்பெனியின் கணக்கில் என் வீட்டு நெட் சரியாகிக்கொண்டே இருந்தது.

எனக்கு நெட் என்பது படம் பார்க்கிற சமாச்சாரம் இல்லை. கோயமுத்தூரில் ஒரு ஆஸ்பத்திரிக்கு வருகிற ஃபோன்களை வீட்டிலிருந்தே எடுத்துப் பேசுகிறேன். மதியத்திலிருந்து விளக்கு வைக்கிற நேரம்வரை எனக்கு ஷிஃப்ட். யாருக்கு என்ன உபாதை, எந்த டாக்டர், எப்போது வரலாம் என்று கேட்டுப் பதிவு செய்து கொடுப்பது வேலை. அந்த வேலையை நான் எவ்வளவு ஆசையாகச் செய்கிறேன் என்று சொன்னால் சிரிப்பார்கள். ஜனங்கள் தங்கள் வலியைச் சொல்கிற அழகு இருக்கிறதே! "முட்டிக்குள்ள யாரோ சோளப்பொரி பொரிக்கறாங்க கண்ணு" என்றார் ஒரு பாட்டையா. "தலை என்னுதா பக்கத்து வீட்டுக்காரனுதான்னே தெரியலைங்க" என்றார் ஒரு லாரி டிரைவர். எந்தப் பேச்சுக்கு எந்த டாக்டர் என்று எனக்குச் சட்டென்று பிடிபட்டுவிடும். மேலதிகாரி அம்மாவே ஒரு தடவை, "நீங்க அங்க மீன் வாசத்துல உக்காந்துட்டு எங்கூரு ஆளுங்க மனசைப் படிக்கறீங்க போங்க" என்று சொல்லியிருக்கிறார்.

ஆனால் லைன் அறுந்தால் என்ன மனசைப் படிப்பது?

முதல் தடவை கேபிள்காரர் வந்தபோது சுவரைத் தட்டிப் பார்த்தார். எங்கள் வீடு முன்பு இஞ்சி குடோனாக இருந்ததைத் தடுத்துக் கட்டியது. ஒரு முழக் கனத்துக்கு வெட்டுக்கல் சுவர். "இது வீடா, கோட்டையா? நெட்டு எங்ஙனே சேச்சி கடக்கும்?" என்றார். சரி, சுவர்தான் போலிருக்கிறது என்று ஓடிபி சொன்னேன்.

அடுத்த தடவை, "நெட்டுன்னா கடல் மாதிரியாக்கும் சேச்சி. ஏத்தமும் இருக்கும், இறக்கமும் இருக்கும்" என்றார். மற்ற நாளாக இருந்தால் அந்தப் பேச்சுக்காகவே இன்னொரு சாயா கொடுத்திருப்பேன். கொடுக்கவும் செய்தேன், அதுதான் எரிகிறது.

அதற்கடுத்த தடவை அவர் கண்ணில் பட்டது பொட்டு. ஆயுத பூஜைக்கு என் வீட்டுக்காரர் ஸ்கூட்டர், மிக்ஸி, இஸ்திரிப் பெட்டி எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்துவிட்டு, "இப்ப சோறு போடறது இதுதானே" என்று கம்பெனி கொடுத்த வெள்ளை மோடத்துக்கும் வைத்திருந்தார். கேபிள்காரர் அதைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தார். "மோடத்துக்குப் பொட்டு வெச்சா அது நாணிச்சுப் போகும் சேச்சி, பின்னே எங்ஙனே ஓடும்?" ஃபோட்டோவும் எடுத்துக்கொண்டார். நானும் கூடவே சிரித்தேன். பிறகு ஒருநாள் புகார் சொல்ல அவர்கள் ஆபீசுக்குக் கூப்பிட்டபோது, நான் பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் அந்தப் பெண், "ஓ, பொட்டு வெச்ச மோடம் வீடல்லே?" என்றாள். பின்னால் யாரோ சிரிக்கிற சத்தம். என் வேலை போய்க்கொண்டிருக்கிறது, இவர்களுக்கு நான் ஒரு தமாஷ்.

அந்த வாரம்தான் அது நடந்தது. ஒரு வயதான அம்மா பேசினார். "கண்ணு, இவருக்கு நெஞ்சு மேல அம்மிக்கல்லை ஏத்தி வெச்ச..." அவ்வளவுதான். திரையில் வட்டம் சுற்றுகிறது. திரும்பி வந்தபோது, "...வேர்த்துக் கொட்டுதுங்கறாரு, நாளைக்குக் கூட்டியாந்தாப் போதுமா?" என்ற வால் மட்டும் கேட்டது. நாளைக்கு இல்லை அம்மா, இப்போதே, இப்போதே என்று கத்துகிறேன், என் குரல் அங்கே போகவில்லை. "ஏனுங்க, கேக்குதுங்களா? ஒண்ணுமே பேச மாட்டேங்கறா" என்று அந்த அம்மா பக்கத்தில் யாரிடமோ சொல்வது எனக்குக் கேட்கிறது! அதோடு லைன் செத்தது. வீட்டுக்குள் ஃபோனுக்கும் ரேஞ்ச் கிடையாது. தெருமுனைவரை ஓடி, மேலதிகாரியைக் கூப்பிட்டு, அங்கிருந்து அந்த எண்ணைத் தேடி, ஆம்புலன்ஸ் அனுப்பி, மனிதர் பிழைத்துக்கொண்டார். 

மேலதிகாரி அம்மா திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. "நீங்க நல்லாத்தானுங்க பேசறீங்க. பேசறது வந்து சேரணுமில்லைங்களா? சனிக்கிழமை மத்தியானம் நீங்க பேசறதை நானே கேக்கறேன். அன்னிக்கும் அறுந்துச்சுன்னா இங்க ஆபீஸ்ல உக்காந்து பேசறவங்களுக்கு அந்த இடத்தைக் குடுக்கறதைத் தவிர எனக்கு வேற வழி இல்லைங்க" என்றார்.

சரி, நல்லதாக ஒரு ரவுட்டர் வாங்கிவிடுவோம் என்று இறங்கினேன். எதை வாங்குவது என்று வீடியோ பார்த்தேன். அதுவும் பாதியில் சுற்றிக்கொண்டு நின்றது. என்ன கொழுப்பு பாருங்கள். பக்கத்துச் சுள்ளிக்கல்லில் ஒரு கடைக்குப் போனேன். அலமாரி முழுக்கக் கொம்பு முளைத்த பெட்டிகள், கவிழ்ந்து கிடக்கிற நண்டு மாதிரி. எட்டுக் கொம்பு வைத்த ஒன்றை எடுத்தேன். கடைக்காரர் தடுத்தார். "கொம்பெண்ணி வாங்க வேண்டா சேச்சி. ரெண்டு அலை இருக்கான்னு நோக்கணும். ஒண்ணு தூரம் போகும், மெல்ல ஓடும். மத்தது பறக்கும், சுவரைக் கண்டா நின்னுபோகும். வேலை செய்யற இடத்துக்கு வயர் இழுத்துக்கோங்க, அதுக்கு சுவரும் இல்லை மயிரும் இல்லை." சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார். பழையதை எங்கே வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டார். கண்ணாடி ஷோகேஸில் சாமி படத்துக்குப் பின்னால் என்றேன். "பாவம், மூச்சு முட்டும்" என்றார். ரெண்டு அலை உள்ள ஒரு சுமாரான பெட்டியும் நீளமாக ஒரு வயரும் வாங்கி வந்தேன்.

அவர் சொன்னபடி எல்லாம் செய்தோம். வெள்ளை மோடத்தை ஷோகேஸிலிருந்து விடுவித்து, அதிலிருந்து ஒரு வயர் போட்டுப் புது ரவுட்டரை வீட்டு நடுவில் உயரமாக மாட்டினோம். அங்கிருந்து என் மேசைக்கு நீள வயர். அடுக்களையில்கூட ஃபோனில் வைஃபை கட்டம் முழுசாக நின்றது. காலையில் எல்லாம் ஜோர். மதியம் உட்கார்ந்தேன், மறுபடியும் வட்டம்.

என் வீட்டுக்காரர் ஒரு காரியம் செய்தார். புது ரவுட்டரைக் கழற்றிவிட்டு, தெருவிலிருந்து ஃபைபர் இழை வந்து சேர்கிற அந்த வெள்ளை மோடத்திலேயே நேராக என் கம்ப்யூட்டரைக் குத்தினார். அப்படியும் இழுத்தது. அப்படியானால் சுவரில்லை, பொட்டில்லை, ரவுட்டரும் இல்லை. நோய் வீட்டுக்குள்ளேயே இல்லை!

மோடத்தில் ஒரு சின்னச் சிவப்பு விளக்கு அப்போது மினுக்கென்று எரிந்து அணைந்தது. ஜன்னலில் சாய்ந்து நின்றிருந்த எனக்கு, அதே நேரத்தில் வெளியே படபடவென்று ஒரு சத்தம் கேட்டது. மறுபடி படபட. மறுபடி சிவப்பு. எட்டிப் பார்த்தேன். எதிர் போஸ்ட்டில் பந்து விளையாடுகிற கிளப்காரர்கள் கட்டிய பெரிய பேனர். அதன் கயிற்றை எங்கள் இழையோடு சேர்த்து இறுக்கிச் சுற்றி ஒரு முடிச்சு. மதியத்துக்கு மேல் கடல்காற்று எழும்பும்போதெல்லாம் பேனர் உப்பி இழுக்க, முடி மாதிரி மெல்லிய அந்த இழை மடங்கி மடங்கி நிமிர்கிறது. அதற்குள் ஓடுவது வெளிச்சமாம், மடக்கினால் சிந்திவிடுமாம். கேபிள்காரர் வந்ததெல்லாம் காலையில். காலையில் ஏது காற்று? தன் ஃபோனில் ஸ்பீட் பார்த்து, "நோக்கு சேச்சி, ராக்கெட்!" என்று காட்டிவிட்டு ஓடிபியோடு போய்விடுவார்.

"நானே ஏறி அறுத்து விடறேன்" என்று கிளம்பினார் வீட்டுக்காரர். அதே போஸ்ட்டில்தான் கரண்ட் கம்பியும் போகிறது. "ஏறுனீங்க, நான் உங்களோட பேசமாட்டேன்" என்றேன். அவருக்கும் கோபம். "நீ சாயா குடுத்துக் குடுத்துத்தான் அந்த ஆளு இப்படி ஆயிட்டாரு. அடுத்த தடவை வெறுந்தண்ணி குடு."

இதுதான் சனிக்கிழமை வந்த கதை. அன்றைக்குக் காலையிலும் கேபிள்காரர் வழக்கம்போல வந்தார், ராக்கெட் காட்டினார், கையை நீட்டினார். பேனரைக் காட்டினேன். "அது கிளப்போட கொடியாக்கும் சேச்சி. அதைத் தொட்டா நான் இந்தத் தெருவுல நடக்க முடியாது" என்றார். அப்படியானால் ஓடிபியும் இல்லை என்றேன். சிரித்தார், கெஞ்சினார், மேடம் என்றார், போய்விட்டார். மதியம் அவரே ஸ்கூட்டரில் திரும்பி வந்தார். புகார் திறந்தே கிடந்தால் ஆபீசிலிருந்து அவரைத் துளைப்பார்களாம். அவர் ஃபோன் அடித்துக்கொண்டே இருந்தது.

வெறுந்தண்ணி கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. சாயாவையே கொடுத்தேன், கொடுத்தவுடன்தான் முதலில் சொன்ன அந்த அக்கா வந்தது.

"காத்து வந்தாச்சு. அந்த விளக்கைப் பாருங்க" என்று மோடத்தைக் காட்டினேன். வெளியே படபட, உள்ளே சிவப்பு. அவர் பார்த்தார். ஒருமுறை இல்லை, நின்று பார்த்தார்.

"அது... சிலப்போ மோடம் கேடா இருக்கும் அக்கா."

எனக்கு அதற்குமேல் தாங்கவில்லை. மலையாளத்தில் பேசினால் அது அவர் பாஷை, என் கோபத்தில் பாதி நீர்த்துவிடும் என்று தோன்றியது. தமிழிலேயே சொன்னேன்.

"சுவர்னீங்க, நம்பினேன். கடல்னீங்க, நம்பினேன். என் வீட்டுப் பொட்டை ஃபோட்டோ எடுத்து ஊரெல்லாம் சிரிச்சீங்க, நானும் கூட நின்னு இளிச்சேன். ஒரு மனுசன் நெஞ்சைப் பிடிச்சிட்டு உக்காந்திருந்தாரு சேட்டா, அவர் வீட்டம்மா பேசுனது எனக்கு வந்து சேரலை. உங்க நெட்டு ராக்கெட்டுன்னு உங்க ஃபோன் சொல்லுது. இன்னும் கொஞ்ச நேரத்துல எங்க மேலதிகாரி காதை வெச்சுக் கேக்கப் போறாங்க. இன்னிக்கும் அறுந்தா எனக்கு வேலை இல்லை. சிவப்பு அணையட்டும், ஓடிபி தர்றேன். அதுவரைக்கும் நீங்க அக்கான்னாலும் கிடையாது, அம்மான்னாலும் கிடையாது."

"கிளப்புல ஆரானும் கேட்டா நான் என்ன பறயும்?"

"பொட்டு வெச்ச மோடம் வீட்டுக்காரி அறுக்கச் சொன்னான்னு சொல்லுங்க. எல்லாருக்கும் தெரியுமே வீடு."

அவர் ஃபோன் மறுபடி அடித்தது. எடுக்கவில்லை. என்னைப் பார்த்தார், போஸ்ட்டைப் பார்த்தார், கிளப் வாசலை ஒருமுறை பார்த்தார். மிச்ச சாயாவை ஒரே மடக்கில் குடித்து கிளாஸை ஜன்னல் விளிம்பில் வைத்தார். பிறகு செருப்பை எங்கள் வாசலில் கழற்றி விட்டுவிட்டு, ஸ்கூட்டரோடு சேர்த்துக் கட்டியிருந்த ஏணியை அவிழ்த்து எதிர் போஸ்ட்டில் சாத்தி, பிளேடைப் பல்லில் கடித்துக்கொண்டு ஏறினார்.