கயிறு எட்டாத கை

வேங்கிக்காலில் நான் வேலை முடிந்து வீடு திரும்பும் வழியில் ஒரு மாவு மில் இருக்கிறது. சாயங்காலமானால் வறுத்த கேழ்வரகும் பொட்டுக்கடலையும் மல்லாட்டையும் சேர்ந்து அரைபடும். எங்கள் பக்கம் வேர்க்கடலைக்கு மல்லாட்டை என்றுதான் பேர். நீங்கள் எப்படிச் சொன்னாலும் வறுபடும்போது வருகிற வாசம் ஒன்றுதான். நேற்று அந்த வாசம் பட்டதும் வண்டியை ஓரம் கட்டி நின்றுவிட்டேன். சத்துமாவு உருண்டை பிடித்த கையில் வெல்லப் பிசுக்கு இருக்குமே, அது இல்லாமலேயே விரல்கள் ஒட்டுவது போலிருந்தது.

படிப்பு முடித்த சூடு ஆறுமுன் எனக்குக் கிடைத்த முதல் வேலை, பிள்ளைகளின் கையை அளப்பது. என் பெரியம்மா நெடுநாள் வரைக்கும் நான் தையல் கடையில் இருக்கிறேன் என்றே சொந்தக்காரர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தார். கீழ்பென்னாத்தூரைச் சுற்றியுள்ள கிராமங்களில் சின்னப் பிள்ளைகளின் மேல்கையைச் சுற்றி ஒரு நாடாவைப் போட்டு இழுக்க வேண்டும். நாடாவில் மூன்று நிறம். பச்சையில் நின்றால் பிள்ளை தேவலாம். மஞ்சள் என்றால் கவனி. சிவப்பு என்றால் ஓடு, பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு ஓடு.

ஊட்டச்சத்துப் படித்தவள் என்கிற மிதப்பு எனக்குக் கொஞ்சம் ஜாஸ்தி. அம்மாமார்களுக்கு விளக்க என்று பெரிய படங்கள் வைத்திருந்தேன். அதில் ஆப்பிள், ஸ்ட்ராபெர்ரி எல்லாம் பளபளவென்று இருக்கும். "இது யாரு கொல்லையில வெளையுது மேடம்?" என்று பால்வாடியில் ஒருத்தி கேட்டாள். முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லை. அன்றோடு அந்தப் படங்கள் ஸ்கூட்டிப் பெட்டியை விட்டு வெளியே வரவில்லை.

பால்வாடி உத்தரத்தில் ஒரு தராசு தொங்கும். துணிப்பைக்குள் பிள்ளையின் கால்களை நுழைத்துக் கொக்கியில் மாட்ட வேண்டும். "கறிக்கடை மாதிரி தொங்கவுடறீங்களே, கண்ணு பட்டா யாரு பதில் சொல்றது?" என்று அம்மாக்கள் திட்டிக்கொண்டேதான் தருவார்கள். பிள்ளைகளோ வீடே இடிந்து விழுவதுபோல் அழும். உதைக்கிற உதையில் முள் ஓரிடத்தில் நிற்காது.

மகாவைத் தொங்கவிட்டபோது முள் நின்றது. ஒன்றரை வயதுப் பெண் குழந்தை. அழவில்லை, உதைக்கவில்லை. தரையை ஒரு கிழவியைப்போலப் பார்த்துக்கொண்டிருந்தாள். அழுகிற பிள்ளையைப் பற்றி யாரும் பயப்பட வேண்டாம் என்பது எனக்கு அதுவரை பாடமாகத்தான் தெரியும்.

இடது கையில், தோளுக்குச் சற்றுக் கீழே, ஒரு கறுப்புக் கயிறு. அதை மேலே தள்ளிவிட்டு நாடாவைப் போட்டேன். நல்ல சிவப்பு.

அவளுடைய அம்மா சுகுணா மறுபடியும் உண்டாகியிருந்தாள். தாய் அடுத்ததைச் சுமக்கும்போது மடியிலிருக்கிற பிள்ளை இளைத்துப்போவதைச் சவலை என்பார்கள். சுகுணாவின் புருஷன் பெங்களூரில் சென்ட்ரிங் வேலையில் இருந்தான். வீட்டில் அவளும், புருஷனின் தங்கை வள்ளியும்தான். நான் போனபோது இரண்டு பேரும் மல்லாட்டை உடைத்துக்கொண்டிருந்தார்கள். விதைக்கு, வியாபாரி கொடுத்தது, கூலிக்கு. குவியலுக்கு நடுவில் மகா உட்கார்ந்திருந்தாள். இத்தனை சத்தைச் சுற்றிக் கொட்டி வைத்து நடுவில் அப்படி ஒரு பிள்ளையை வைத்தது யார் என்று எனக்குக் கோபமாக வந்தது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

"ஆஸ்பத்திரில சேக்கணும்ங்க. ரெண்டு வாரம் தங்கற மாதிரி இருக்கும்" என்றேன்.

"கயிறு கட்டியிருக்குது மேடம்" என்றாள் சுகுணா. "தீட்டு வூட்டுக்குப் போவக்கூடாது. ஆஸ்பத்திரின்னா அங்கயே பிரசவம் ஆவுது, அங்கயே சாவும் ஆவுது. கயித்துக்குப் பவரு போயிடும்."

"பவரு கயித்துல இல்லங்க, பால்ல இருக்கு." இப்படித் தயார் செய்த வாக்கியங்கள் என்னிடம் நிறைய இருந்தன.

"பசு ஒண்ணு வாங்கிக் குடுத்துட்டுப் போயேன்" என்றாள் வள்ளி, கையிலிருந்த தோலை ஊதியபடி.

கயிறு பள்ளிவாசலில் மந்திரித்துக் கட்டியது என்று தெரிந்தது. நீங்கள் பார்த்திருப்பீர்கள். சாயங்காலத் தொழுகை முடிகிற நேரத்துக்குப் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு பெண்கள் வாசலில் வரிசையாக நிற்பார்கள். நெற்றியில் குங்குமம், சிலர் கையில் தண்ணீர் பாட்டில். தொழுதுவிட்டு வருகிறவர்கள் ஓதி, பிள்ளையின் தலையில் மெதுவாக ஊதிவிட்டுப் போவார்கள். எந்தச் சாமியைக் கும்பிடுகிறவர்களுக்கும் அந்த வாசலில் இடம் உண்டு. கயிறு கட்டியவரைத் தேடிப் போன நான் அன்றைக்குப் பிள்ளை இல்லாமல் நின்றேன். ஒரு பெரியவர் என் தலையிலும் ஊதிவிட்டுப் போனார். வேண்டாம் என்று எப்படிச் சொல்வது.

கயிறு கட்டிய பாய் பாத்திரக்கடைக்காரர். விஷயத்தைச் சொன்னேன். "ஆஸ்பத்திரிக்குப் போவாதன்னு நாங்க எப்பம்மா சொன்னோம்? ஓதிக்க, டாக்டரையும் பாருன்னுதான் சொல்றது. தீட்டெல்லாம் நம்மகிட்ட இல்ல" என்றார். அவருக்கே சங்கடமாகப் போய்விட்டது.

மறுநாள் காலையில் ஜெயித்தவளைப்போல ஸ்கூட்டியை ஓட்டிக்கொண்டு போய்ச் சொன்னேன். "பாயே சொல்லிட்டாருங்க, போலாமாம்."

சுகுணா கை நிறுத்தாமல் கேட்டாள். "கயிறு பாயோடது. தீட்டு எங்களுது. எங்க தீட்டப் பத்தி அவருக்கு என்னா மேடம் தெரியும்?"

நான் எழுதிய எந்தப் பரீட்சையிலும் இந்தக் கேள்வி வரவில்லை. குவியலோரத்தில் உட்கார்ந்தேன். சும்மா இருக்க முடியாமல் இரண்டு மல்லாட்டை உடைத்தேன். "பருப்பு ஒடையாம உடை, அப்புறம் மொளைக்காது" என்றாள் வள்ளி. மகாவின் கையில் அவள்தான் ஒரு பிஸ்கட்டைத் திணித்திருந்தாள்.

பிஸ்கட் வாய்க்குப் போகவில்லை, கையிலேயே இருந்தது. ஒரு கோழி வந்தது. கழுத்தைச் சாய்த்துப் பார்த்தது. பிறகு மகாவின் விரல்களுக்கு நடுவிலிருந்து அதைக் கொத்தி எடுத்துக்கொண்டு, அவசரமே இல்லாமல் நடந்து போனது. பிள்ளை கையை உதறவில்லை. சிணுங்கவில்லை. வெறும் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

உடைக்கிற சத்தம் நின்றுவிட்டது.

சுகுணா எழுந்து மகாவைத் தூக்கினாள். கயிற்றின் முடிச்சை அவிழ்க்கவில்லை. முழங்கை வழியாக, மணிக்கட்டு வழியாக அப்படியே உருவினாள். வளையல் கழல்வதுபோலக் கழன்று வந்தது. அதை நிலைக்கதவுக்குப் பக்கத்திலிருந்த ஆணியில் மாட்டினாள்.

"கயிறு வூட்லயே இருக்கட்டும். புள்ள வரட்டும்."

"அண்ணி, தீட்டு பட்டா?" என்றாள் வள்ளி.

"பட்டா படட்டும். வந்து தலைக்கு ஊத்திக்கிறேன். நீ மல்லாட்டைய முடிச்சு வியாபாரிகிட்ட குடுத்துடு."

பெரிய ஆஸ்பத்திரியின் அந்த வார்டில் எனக்கு ஞாபகமிருப்பது ஒரு சின்ன டம்ளரும் ஸ்பூனும்தான். மருந்துபோல அளந்து பால். இரவும் பகலும் இடைவிட்டு இடைவிட்டு, கொஞ்சம் கொஞ்சமாக. முதல் நாட்களில் பாதி கடைவாயில் வழிந்துவிடும். சுகுணா துடைத்துவிட்டு மறுபடி ஸ்பூனை நீட்டுவாள். தன் வயிற்றுப் பாரத்தோடு அவளால் வெகுநேரம் உட்கார முடியாது. எழுந்து கட்டிலைச் சுற்றி நடப்பாள். நடுவில் பௌர்ணமி வந்தது. பஸ் எல்லாம் ஊருக்கு வெளியிலேயே நின்றுவிட, நான் நடந்தே வார்டுக்குப் போனேன். மலையைச் சுற்ற வந்த கூட்டத்தைப் பற்றிச் சொன்னபோது, "ஊரே மலைய சுத்துது. நான் இந்தக் கட்டில சுத்தறேன்" என்றாள் சுகுணா. கும்பிட்டுக்கொள்கிற குரலில்தான் சொன்னாள்.

அதற்குப் பிறகு ஒரு மத்தியானம், நர்ஸ் டம்ளரைக் கழுவ எடுத்தார். மகா கையை நீட்டினாள். டம்ளர் வரவில்லை. ஒரு நிமிஷம் யோசிப்பதுபோல இருந்துவிட்டு, வாயைப் பிளந்து கத்தினாள். வார்டே திரும்பிப் பார்த்தது. "அழுவுறா மேடம்" என்றாள் சுகுணா. "பாருங்க, அழுவுறா." பக்கத்துக் கட்டில்காரி, "எல்லாப் புள்ளையுந்தான் அழுவுது" என்றாள். சுகுணா அவளுக்கும் தலையாட்டினாள். முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

வீடு திரும்பியதும் சொன்னபடியே இரண்டு பேர் தலையிலும் தண்ணீர் ஊற்றிக்கொண்டுதான் உள்ளே போனாள். ஈரத்தோடு ஆணியிலிருந்து கயிற்றை எடுத்து மகாவின் கையில் நுழைத்தாள். மணிக்கட்டைத் தாண்டியது. முழங்கைக்குக் கீழேயே நின்றுவிட்டது. இழுத்துப் பார்த்தாள். பிள்ளை ஊரைக் கூட்டினாள்.

"உடு அண்ணி, உன் பொண்ணு கை தூணாட்டம் ஆயிடுச்சு" என்றாள் வள்ளி.

"கண்ணு வெக்காதடி." சுகுணா கயிற்றை மறுபடி ஆணியில் மாட்டினாள். நான் பைக்குள்ளிருந்து பாதி எடுத்திருந்த நாடாவை உள்ளேயே போட்டுக்கொண்டேன்.

சின்னது பிறந்து சில மாதத்தில் புருஷன் வந்து எல்லாரையும் பெங்களூருக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டான். கட்டடம் கட்டுகிற இடத்திலேயே தகரக் கொட்டகையாம், வள்ளியும் கூலிக்குப் போகிறாளாம். கொடுத்த நம்பர் கொஞ்ச நாள் அடித்தது, பிறகு அதுவும் இல்லை. நான் வேலை பார்த்த திட்டமும் முடிந்தது. அந்தப் பக்கம் கடைசியாகப் போனபோது வீடு இருந்த இடத்தில் மனைக்கல் நட்டிருந்தார்கள். ஆணி அடித்திருந்த சுவரே இல்லை. இப்போது எனக்குக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து பார்க்கிற வேலை. யாருடைய கையையும் தொட வேண்டியதில்லை.

நேற்று வண்டியை நிறுத்திய இடத்துக்கு எதிரே ஒரு புது வீடு எழும்பிக்கொண்டிருந்தது. எங்கிருந்தோ வந்த கூலிக்காரர்கள், எனக்குத் தெரியாத பாஷை. மணல் குவியலில் ஒரு சின்னப் பிள்ளை உட்கார்ந்திருந்தது. மெல்லிய கை. என் கை தானாகப் பைக்குள் போய்த் தேடியது. சாவி கிடைத்தது, சார்ஜர் கிடைத்தது. நாடா எப்போதோ போய்விட்டது.

பிள்ளை ஒரு பிடி மணலை வாய்க்குக் கொண்டுபோனது. அதன் அம்மா சாந்துச் சட்டியை இறக்கி வைத்துவிட்டு ஓடிவந்து கையைப் பிடித்துத் தட்டிவிட்டாள். பிள்ளை தன் வெறும் உள்ளங்கையைப் பார்த்தது. நான் அதன் வாயையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

பிறகு அது கத்தியது. மில் சத்தத்தையும் மீறி, தெரு முனை வரைக்கும் கேட்கிற அழுகை. அது ஓய்கிற வரைக்கும் கேட்டிருந்துவிட்டுத்தான் வண்டியை எடுத்தேன்.