ஓநாய் வந்த வருசமும் எங்கள் சாமி கிடாவும்

கரட்டுக்காட்டில் ஓநாய் விடப்போகிறோம் என்று காட்டிலாகாக்காரர்கள் வந்து சொன்னபோது ஊரே பயந்தது. எனக்கு மட்டும் உள்ளுக்குள் ஒரு சந்தோசம். அதை வெளியே காட்டினால் அடிக்க வருவார்கள் என்று மூஞ்சியை உம்மென்று வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

எங்கள் ஊர் திண்டுக்கல்லுக்கு வடக்கே, அய்யலூர் போகிற வழியில் ஒதுங்கி இருக்கிறது. ஊருக்கு மேற்கே ஒரு மொட்டைக் கரடு. அதைச் சுற்றி முள்ளுக்காடு. நான் இளவட்டமாக இருந்த காலத்தில் அப்பாவோடு அங்கேதான் கிடை போட்டுத் திரிந்தேன். கிடை என்றால், அறுப்பு முடிந்த வயலில் ராத்திரி ஆடுகளை மொத்தமாக அடைத்துப் போடுவது. புழுக்கையும் மூத்திரமும் நிலத்துக்கு உரம், எங்களுக்குக் கூலியாகக் கம்போ சோளமோ கிடைக்கும். அந்தக் கம்பில் கூழ் காய்ச்சி, வெஞ்சனத்துக்குச் சுட்ட கருவாட்டைக் கடித்துக்கொண்டு குடித்தால் இருக்கிற ருசி இருக்கிறதே, சரி, அதை விடுங்கள். ஓநாயைச் சொல்ல வந்தேன்.

அப்போது அந்தக் கரட்டில் ஓநாய் இருந்தது. யாரும் கொண்டுவந்து விடவில்லை, அதுவாக இருந்தது. அப்பா அதன் பேரைச் சொல்ல மாட்டார். "அந்தப் பய வந்துட்டுப் போயிருக்கான்" என்பார், ஏதோ வீட்டுக்கு வந்த பங்காளியைச் சொல்வது மாதிரி. பிறகு கல் குவாரி வந்தது, முள்ளை வெட்டிக் கரி போட்டார்கள், செத்த ஆட்டில் யாரோ மருந்து வைத்தார்கள். ஒரு வருசம் பார்த்தால் அந்தப் பயலைக் காணோம். காணோம் என்று தேடவும் யாருமில்லை.

இப்போது அதையே கூண்டில் ஏற்றி லாரியில் கொண்டுவருகிறார்கள் என்றால் எனக்குச் சிரிப்பு வராதா?

கூட்டம் ரேசன் கடை வாசலில் நடந்தது. பேச வந்த ஆபீசர் ஒரு சின்னப் பொண்ணு. கொங்குப் பக்கம் போல, வாயைத் திறந்தால் 'ங்க'தான்.

"ஒரு ஜோடிதானுங்க விடறோம். கழுத்துல பட்டை கட்டியிருக்குங்க, எங்க போகுதுன்னு எங்களுக்குத் தெரிஞ்சிரும். நீங்க ராத்திரி ஆட்டைப் பட்டியில அடைச்சிருங்க. பகல்ல எந்த ஆட்டையும் தனியாத் திரிய விடாதீங்க. அம்புட்டுத்தானுங்க."

கடைசி வார்த்தையை எங்கள் ஊர்ப் பேச்சில் சொன்னதற்காகக் கொஞ்சப் பேர் கை தட்டினார்கள். டீக்கடை வைத்திருக்கிறவன் எழுந்தான். அவன் எனக்கு மாப்பிள்ளை முறை, வாய் சும்மா இருக்காது.

"மேடம், எங்க ஊர்ல தனியாத் திரியிற ஆடு ஒண்ணே ஒண்ணுதான். அது கலெக்டர் சொன்னாலும் கேக்காது."

ஊரே திரும்பி என்னைப் பார்த்தது.

அது எங்கள் வீட்டுக் கிடா. எங்கள் வீட்டுக் கிடா என்று சொல்வதும் தப்பு. என் மகளைத் திண்டுக்கல்லில் கட்டிக்கொடுத்து, ரொம்ப நாளாக அவளுக்குக் குழந்தை இல்லை. என் வீட்டுக்காரி குலசாமியிடம் போய், "பிள்ளை பிறந்தா உன் வாசல்லதான் காது குத்துவேன், கிடா ஒண்ணு தாரேன்" என்று நேர்ந்துகொண்டாள். பேத்தி பிறந்தாள். அந்த மாசமே எங்கள் வெள்ளாடு போட்ட கறுப்புக் குட்டியைக் காட்டி, "இதுதான் உனக்கு" என்று சொல்லி விட்டுவிட்டாள். நேர்ந்து விட்ட கிடாவுக்குக் கயிறு கிடையாது, பட்டி கிடையாது, அடி கிடையாது. எங்கள் ஊர் வழக்கம் அது. எங்கே வேண்டுமானாலும் போகும், எது வேண்டுமானாலும் தின்னும். இரண்டு வருசத்தில் அது தாடியும் கொம்புமாக ஊர்த் தலைவர் மாதிரி நடக்க ஆரம்பித்தது. வைகாசியில் காது குத்து என்று நாள் குறித்து, சொந்தக்காரர்களுக்கெல்லாம் சொல்லியும் ஆகிவிட்டது. ஓநாய் வருவது தையில்.

கூட்டம் முடிந்ததும் என் வீட்டுக்காரி நேரே பூசாரியிடம் போனாள். பூசாரி எனக்குப் பெரியப்பா மகன், அண்ணன். நானும் பின்னாலேயே போனேன்.

"மாமா, வைகாசி வரைக்கும் கிடாவைக் கட்டி வச்சுக்கிறட்டா?" என்றாள்.

"கயித்தப் போட்டா அது உன் கிடா. சாமி கிடா இல்ல."

"ஓநா தின்னுருச்சுன்னா?"

"சாமிக்குப் போய்ச் சேராது."

"வேற கிடா வாங்கி விட்டா?"

"நீ சொன்னது இதைத்தான தாயி. இதக் காட்டிட்டு அதக் குடுத்தா சாமிக்கு அடையாளம் தெரியாதா?"

அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. "அப்ப எம் பேத்தி மூளிக் காதோடதான் நிக்கணுமா? அந்தப் பிள்ளைக்காக நான் நடக்காத கோயில் இல்ல. வாக்குத் தவறிப்போயி பிள்ளைக்கு ஏதாச்சும் ஒண்ணுன்னா நான் என்ன செய்வேன்?"

அண்ணன் தாடியைச் சொறிந்தார். அவள் அழுதால் அவருக்குத் தாங்காது. சின்னதில் அவர் வீட்டுக்குச் சோறு கொண்டுபோய்க் கொடுத்தவள் அவள். அது வேறு கதை.

"கட்டக் கூடாதுன்னுதான் சொன்னேன்" என்றார் மெதுவாக. "கூடப் போகக் கூடாதுன்னா சொன்னேன்?"

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். அப்படித்தான் எனக்கு அந்த வேலை வந்து சேர்ந்தது.

ஆடு மேய்ப்பது எனக்குப் புதுசு இல்லை. ஆனால் ஆட்டுக்குப் பின்னால் போவது புதுசு. மேய்க்கிறவன் முன்னே போவான், அல்லது மடக்கி ஓட்டுவான். இதை மடக்கவும் கூடாது, ஓட்டவும் கூடாது. காலையில் அது எழுந்து எந்தப் பக்கம் திரும்புகிறதோ அந்தப் பக்கம் நானும் திரும்ப வேண்டும். முதலில் டீக்கடைக்குப் போகும். வாழைப்பழத் தோல் அங்கே அதற்குப் பாத்தியம். மாப்பிள்ளை டீயை ஆற்றிக்கொண்டே கேட்பான்:

"என்ன மாமா, கிடா உங்கள மேய்க்க ஓட்டிக்கிட்டுப் போகுதா? சாயந்தரம் பத்திரமா வீட்டுல கொண்டாந்து அடைச்சிருமா?"

"உன்ன மாதிரி இல்லப்பு, அதுக்குப் பொறுப்பு இருக்கு" என்பேன்.

அதிலே ஒரு சங்கடம் இருந்தது, முன்பு எனக்குத் தெரியவில்லை. கிடா தனியாக வந்து ஒருத்தன் கத்தரிச் செடியைக் கடித்தால் சாமி கடித்தது. கன்னத்தில் போட்டுக்கொண்டு பேசாமல் இருப்பான். நான் கூட நின்றால் நான் மேய்த்த கணக்கு. "பெருசு, கண்ணு தெரியலையா? கிடாவ இங்கிட்டு விட்டு நிக்கிற?" என்று சண்டைக்கு வருகிறான். மல்லிகைத் தோட்டக்காரி ஒருத்தி ஒருநாள் என்னை அந்தக் கத்துக் கத்தினாள். நான் முன்னே போய் மறிக்கவும் முடியாது. கிடா பூச்செடியைத் தின்றுவிட்டு, திட்டு முடிகிற வரைக்கும் எனக்காக வரப்பில் காத்து நின்றது. அது ஒரு மரியாதைதான்.

தை கடைசியில் ஓநாயைத் திறந்துவிட்டார்கள். அதற்குப் பிறகு ஊரில் எந்த நாய் குரைத்தாலும் ஓநாய், எந்தக் கோழி காணாமல் போனாலும் ஓநாய். ஒருத்தன் வீட்டுச் சைக்கிள் டயர் கிழிந்திருந்தது, அதற்கும் அதுதான் காரணம். ஆனால் யாரும் கண்ணால் பார்க்கவில்லை.

நான் பார்த்தேன். மாசி மாசம், வெயில் ஏறிக்கொண்டிருந்த நேரம். கிடா அன்றைக்கு டீக்கடைப் பக்கம் திரும்பாமல் நேரே கரட்டுக்கு நடந்தது. அங்கே வேலாங்காய் உதிர்கிற காலம், அதற்கு மூக்கில் வாசம் அடித்திருக்கிறது. ஓடை மேட்டில் ஏறி நான் மூச்சு வாங்கி நிமிர்ந்தால், எதிர்ப் பாறைக்குப் பக்கத்தில் அந்தப் பய நிற்கிறான்.

மெலிஞ்ச உடம்பு. நெட்டைக் கால். காய்ந்த புல்லும் செம்மண்ணும் கலந்த மாதிரி நிறம். கழுத்தில் பட்டை மட்டும் இல்லாவிட்டால், நான் அப்பாவோடு பார்த்தவன் இவனேதான் என்று சொல்லிவிடுவேன். அவன் என்னைப் பார்க்கவில்லை. கிடாவைப் பார்த்தான். கிடா காயைத் தின்பதை நிறுத்திவிட்டுக் கொம்பைத் தாழ்த்தியது. முட்டாப் பயல், ஓடுவோம் என்று அதற்குத் தோன்றவில்லை. பிறந்ததிலிருந்து அதை விரட்டினவன் யாருமில்லையே, ஓடிப் பழக்கம் ஏது.

பேத்தியின் காதுதான் கண் முன்னே வந்தது. தோளில் கிடந்த துண்டை எடுத்து உதறி, நாக்கை மடக்கி, அப்பா போடுகிற அந்தச் சத்தத்தைப் போட்டேன். ஹூர்ர்ர்ரே என்று தொண்டையிலிருந்து வரும். எத்தனையோ வருசமாகப் போடவில்லை, ஆனால் வந்துவிட்டது. ஓநாய் அப்போதுதான் என்னைப் பார்த்தது. செத்த நேரம் பார்த்தது. பிறகு, சந்தையில் ஏதோ வாங்க மறந்துபோனவன் மாதிரி திரும்பி, அவசரப்படாமல் முள்ளுக்குள் போனது.

நான் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். பயத்தில் உட்கார்ந்தேன், ஆனால் சிரித்துக்கொண்டிருந்தேன். கையில் ஓநாயின் கழுத்துப் பட்டையைத் தேடுகிற, ஏரியல் மாதிரி ஒரு கம்பியைப் பிடித்துக்கொண்டு காட்டிலாகாக் காவல்காரர் ஓடி வந்தார். கன்னிவாடிக்காரர், நடு வயசு, நல்ல மனுசன்.

"என்ன பெரியப்பா, அடிபட்டுருச்சா? ஏன் சிரிக்கிறீங்க?"

"நம்ம பய இன்னும் அப்படியேதான் இருக்கான்யா" என்றேன். அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. தண்ணி குடிக்கக் கொடுத்தார்.

அன்றிலிருந்து அவர் எனக்கு ஒரு உதவி செய்தார். ஓநாய் கரட்டுக்கு வடக்கே இருக்கிறதா தெற்கே இருக்கிறதா என்று காலையில் போன் போட்டுச் சொல்லிவிடுவார். சொல்லி என்ன, கிடா எந்தப் பக்கம் போகும் என்பதை அதுதானே முடிவு பண்ணும். ஆனாலும் தெரிந்து பயப்படுவது ஒரு நிம்மதி.

சித்திரை பிறந்ததும் வெயில் மண்டையைப் பிளந்தது. கிடா காடு மேடெல்லாம் புரண்டு, உடம்பு பூராவும் ஒட்டுமுள்ளும் புழுதியுமாக வரும். சாமி கிடா இப்படியா இருப்பது என்று, வருகிற வழியில் பம்புசெட்டுத் தொட்டியில் நிறுத்தி நாலு குடம் தண்ணி ஊற்றினேன். முதல் நாள் அது சிலுப்பிய சிலுப்பில் என் வேட்டி முழுக்க நனைந்துபோனது. மறுநாளும் சிலுப்பியது. போகப் போக அதற்கு அது பிடித்துவிட்டது. சாயந்தரமானால் தானே தொட்டிக்குப் போய் நிற்கும். தலையில் ஊற்றினால் கண்ணை மூடிக்கொண்டு, குற்றாலத்து அருவியில் நிற்கிறவர் மாதிரி அசையாமல் நிற்கும். நானும் எனக்கு இரண்டு குடம் ஊற்றிக்கொள்வேன்.

வைகாசி வந்தது. கிடா முழுசாக வந்தது. மருமகன் சின்ன லோடு வண்டி ஓட்டுகிறார், திண்டுக்கல் ஆட்களை அதிலேயே ஏற்றிவந்தார். பேத்தி பட்டுப்பாவாடை கட்டி, கிடாவின் தாடியைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாள். என் வீட்டுக்காரி அன்றைக்குத்தான் பழையபடி சிரித்தாள். "உங்களுக்கு ஒரு நல்ல வேட்டி எடுத்திருக்கேன்" என்றாள். கிடாவுக்குக் காவல் போனதற்கு அதுதான் எனக்குப் பரிசு.

கிடாவுக்கு மாலை போட்டுச் சாமி முன்னால் நிறுத்தினார்கள். எங்கள் பக்கத்தில், கிடா மேல் மஞ்சத்தண்ணி ஊற்றுவோம். அது உடம்பைச் சிலுப்பினால் சாமி ஏற்றுக்கொண்டது என்று அர்த்தம். சிலுப்பாமல் வெட்ட மாட்டார்கள். அண்ணன் ஒரு செம்பு ஊற்றினார். கிடா கண்ணை மூடிக்கொண்டது. இன்னொரு செம்பு. அசையவில்லை. குடத்தைத் தூக்கி ஊற்றினார். சுகமாக நின்றது. காதில் ஊற்றிப் பார்த்தார்கள், முதுகில் ஊற்றிப் பார்த்தார்கள். மேளக்காரர் கை ஓய்ந்துபோய்ப் பீடியைப் பற்றவைத்தார். பசியில் பிள்ளைகள் அழ ஆரம்பித்தன.

என் வீட்டுக்காரி கிடாவையும் பார்த்தாள், என்னையும் பார்த்தாள்.

"தெனம் குளிப்பாட்டுனீகளா?" என்றாள்.

"வெயிலு..." என்றேன்.

"நாலு மாசம் ஓநாட்டயிருந்து காப்பாத்தி, கடேசியில தண்ணிக்குப் பழக்கிக் கொண்டாந்து நிறுத்திருக்காரு பாருங்க எங்க ஆளு" என்று கூட்டத்தைப் பார்த்துச் சொன்னாள். டீக்கடை மாப்பிள்ளை சிரித்த சிரிப்பில் கோயில் மணி ஆடியது. "சோப்பும் போட்டீகளா மாமா?" என்றான்.

சிரிக்காதவள் அவள் மட்டும்தான். அண்ணனைப் பார்த்து நின்றாள். "மாமா, எம் பேத்தி காது?"

அண்ணன் செம்பைக் கீழே வைத்தார். சாமியைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார்.

"கிடா இங்க வந்து நின்னுச்சுல்ல தாயி. நீ சொன்ன சொல்லு சரியாப் போச்சு. எப்ப எடுக்குறதுன்னு அதுக்குத் தெரியும், அடுத்த வைகாசியில கேட்டுக்குவோம். பிள்ளைக்குக் காதக் குத்து."

"இவரு குளிப்பாட்டுனதுனாலதான மாமா சிலுப்பல?"

"குளிப்பாட்டச் சொல்லி நானா சொன்னேன்? ஓநாயையே லாரியில ஏத்தி வரவச்ச சாமி, இவன் கையில ஒரு குடத்தக் குடுக்காதா?"

பேத்தி தாய்மாமனான என் மகன் மடியில் உட்கார்ந்து ஊரைக் கூட்டி அழுதாள், அவள் காதில் தோடு மின்னியது. மருமகன் வண்டியை எடுத்துக்கொண்டு திண்டுக்கல் பேகம்பூருக்குப் போய்க் கறி வாங்கி வந்தார். சாப்பாடு கொஞ்சம் பிந்தியது, ருசி ஒன்றும் குறையவில்லை. கிடா பந்திக்கு நடுவே மாலையோடு நடந்து, இலை இலையாக எட்டிப் பார்த்தது.

சாயந்தரம் நாங்கள் இரண்டு பேரும் கிடாவுக்குப் பின்னால் நடந்து வீட்டுக்கு வந்தோம். வாசலுக்கு வந்ததும் அது நின்றது. தலையிலிருந்து வால் வரைக்கும் உடம்பை ஒரு சிலுப்புச் சிலுப்பியது. புது வேட்டியெல்லாம் மஞ்சள்.

"இப்பச் சிலுப்பு" என்றாள் அவள். அப்புறம்தான் அவளுக்குச் சிரிப்பு வந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

மறுநாள் காலையில் காவல்காரர் போன் போட்டார். "பெரியப்பா, பொட்டை ஓநா குழி தோண்டிக் குட்டி போட்டுருக்கு. கரட்டுக்குத் தெக்க. இன்னைக்கு அந்தப் பக்கம் வராதீக."

நான் கம்பை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். கிடா தெருவில் நின்று, எந்தப் பக்கம் போகலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தது.