'யாருடைய ஆள்?' என்று கேட்கும் கட்டம்

மனு எழுதிப் பிழைக்கிறவனுக்குக் கை ஓட வேண்டும், வாய் ஓடக்கூடாது. எனக்கு இரண்டும் ஓடும். ரங்கூனில் சர்க்கார் ஆபீஸ் வராந்தா ஓரம் பெட்டி போட்டு உட்கார்ந்திருக்கும் சக மனுக்காரர்களே, என் எரிச்சல் உங்களுக்குப் புரியும்.

பழைய தாள்

கூலியாளை ஒப்பந்தம் எழுதிக் கட்டிப்போடக் கூடாது என்று சட்டம் வந்துவிட்டது. இனி அவனவன் அவனவனுக்குச் சொந்தம் என்று தமுக்கடிக்காத குறைதான். ஆனால் மனுத்தாளில் பெயருக்கும் ஊருக்கும் கீழே 'யாருடைய ஆள்?' என்ற கட்டம் அப்படியே இருக்கிறது, மாட்டுக்குச் சூடு போட்டு அடையாளம் வைப்பது போல. லத்தா தெருவில் தாள் விற்கும் ராவுத்தரிடம் போய்ச் சத்தம் போட்டேன். அவர் தாள்கட்டை அவிழ்த்துக்கொண்டே சொன்னார்:

"அச்சடிச்ச தாள் தீரட்டும் தம்பி. மனுசனை அப்புறம் பாத்துக்கலாம்."

காலியாக விட்டது

அலோன் துறையில் மூட்டை தூக்கும் வீரன் வந்தான். ஊரிலிருந்து ஆள் பிடித்து வந்து வேலை வாங்கும் மேஸ்திரியை விட்டு அவன் விலகிவிட்டான். ஆனால் தன் வீட்டில் சமைக்கும் வீரன் மனைவி பொன்னியை மேஸ்திரி விடவில்லை. புருஷன் வைத்த கைநாட்டு பெண்டாட்டிக்கும் சேர்த்துத்தானாம். அவளை அனுப்பச் சொல்லி மனு எழுதினேன். அந்தக் கட்டத்தை வேண்டுமென்றே காலியாக விட்டேன். ஆபீஸ் குமாஸ்தா, நம்ம தஞ்சாவூர்ப் பக்கத்து ஆள்தான், தாளை வீரன் மேலேயே எறிந்தார்:

"யாருக்கும் சேராத ஆளுன்னு ஒருத்தன் உண்டாய்யா? ஒரு பேரைப் போட்டுக் கொண்டா."

என் புத்தி

போட்டேன். மனு உள்ளே போனால் சரி என்று மேஸ்திரியின் பெயரையே போட்டுத் தொலைத்தேன். என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும். அந்தக் கட்டத்தில் யார் பெயர் இருக்கிறதோ அவரிடமே மனுவைக் கொடுத்து விசாரிப்பது ஆபீஸ் வழக்கம். இருபது வருஷமாக எழுதுகிற எனக்கு அது தெரியாதா? தெரியும். பழகின கை எழுதிவிட்டது.

மூன்றாம் நாள் மேஸ்திரி என் மனுவைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தான். வீரன் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தான். அவனை மேஸ்திரி பார்க்கவே இல்லை, என்னிடம் கேட்டான்:

"அவன் என் ஆளுன்னு நீரே எழுதிக் குடுத்திட்டீரே. அப்ப அவன் பொண்டாட்டி யாரு ஆளு?"

பொன்னி

மறுவாரம் பொன்னியே வந்தாள். மேஸ்திரி வீட்டு உலையை அடுப்பிலேயே விட்டுவிட்டு, அலோனிலிருந்து வெயிலில் நடந்து வந்திருக்கிறாள். திரும்பிப் போக மாட்டேன், என் பெயரில் ஒரு மனு எழுதுங்கள் என்றாள். புதுத் தாளில் பெயர் எழுதினேன், ஊர் எழுதினேன். கட்டம் வந்ததும் ஆத்திரத்தில் கை நின்றுவிட்டது. அங்கே என்ன கேட்டிருக்கிறது என்றாள். வெட்கத்தோடு படித்துக் காட்டினேன்.

"அதுலயும் பொன்னின்னே எழுதுங்க."

அந்த மனுவுக்குப் பதில் வரவில்லை, பொன்னி பசுந்தாங் பேட்டையில் வீரனோடு குடியிருக்கிறாள், ராவுத்தர் கடையில் பழைய தாள் மட்டும் இன்னும் தீர்ந்தபாடில்லை.