கருடன் இறங்கிய புஞ்சை

ஐப்பசி பிறந்து இரண்டு மழை விழுந்துவிட்டால் எனக்கு வீட்டில் கால் தரிக்காது. அடுப்பில் பாலை வைத்துவிட்டு மொட்டைமாடிக்கு ஓடுவேன். பால் பொங்கி வழிந்து வீடெல்லாம் தீய்ந்த வாடை அடிக்கும். "ஏட்டி, வானத்துல என்னத்தத் தொலைச்ச?" என்று மளிகைக்கடைக்குக் கிளம்பிக்கொண்டிருக்கும் என் வீட்டுக்காரர் கீழேயிருந்து சத்தம் போடுவார். பதில் சொல்லப் பொறுமை இருக்காது. வடக்கே பனி கொட்டுகிற நாடுகளிலிருந்து பூனைப்பருந்துகள் கிளம்பி எங்கள் கரிசல் காட்டில் வந்து இறங்குகிற காலம் அது. வந்தாச்சா இல்லையா என்று தெரியாமல் எனக்குச் சோறு இறங்காது.

நான் இன்சூரன்ஸ் ஏஜென்ட். கோவில்பட்டியிலிருந்து ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு ஊர் ஊராகப் போவதுதான் பிழைப்பு. வண்டியின் டிக்கியில் பாலிசிக் காகிதங்களுக்கு அடியில் ஒரு பைனாகுலர் எப்போதும் கிடக்கும். எது முதலில் வெளியே வரும் என்பது அன்றைய வானத்தைப் பொறுத்தது.

பறவை பார்க்கிறவர்களுக்கென்று வாட்ஸப்பில் ஒரு குழு இருக்கிறது. ஒரு படம் போட்டால் போதும், "லொகேஷன் ப்ளீஸ்" என்று வரிசையாக வந்து விழும். பிரியாணிக் கடையா அது, லொகேஷன் அனுப்ப? சரி, சொல்கிறேன். வரித்தலை வாத்து வேண்டுமா, நிரம்பின கண்மாயாகப் பார்த்து விடிகாலையில் கரையில் போய் நில்லுங்கள். சூறைக்குருவி வேண்டுமா, சோளம் கதிர் பிடித்த காட்டுக்குப் போங்கள். சோளம் போட்ட சம்சாரி தகரத்தைத் தட்டிக்கொண்டே வைகிற சத்தம் உங்களுக்கு வழி காட்டும். பூனைப்பருந்துக்கு மட்டும் தரிசு வேண்டும். முழங்கால் உயரப் புல், மரம் கிடையாது, ஆள் நடமாட்டம் கிடையாது. பகலெல்லாம் காட்டின் மேல் தாழப் பறந்து எலியும் வெட்டுக்கிளியும் பிடிக்கும். பொழுது அடைகிற நேரத்தில் எங்கெங்கிருந்தோ வந்து ஒரே புஞ்சையின் மேல் கூடி, சுற்றிச் சுற்றி வந்து, ஒவ்வொன்றாகத் தரையில் இறங்கிப் புல்லுக்குள் படுத்துக்கொள்ளும். அப்படி ஒரு புஞ்சையைக் கண்டுபிடித்தவர்கள் லேசில் வாயைத் திறக்க மாட்டார்கள். நானும் திறந்ததில்லை.

இவையெல்லாம் தேடிப் போனால் கிடைப்பவை. கிடைக்காமல் என்னை அலைய வைத்தது குட்டைக்காது ஆந்தை. அதுவும் குளிர்காலத்துக்கு வருவதுதான், அதுவும் தரையில்தான் படுக்கும். சில சமயம் பூனைப்பருந்துகள் அடைகிற புல்லிலேயே அதுவும் கிடக்கும் என்று சொல்வார்கள். ஆனால் தெற்கே இவ்வளவு தூரம் வருவது அபூர்வம். குழுவில் யாராவது அதன் படத்தைப் போட்டால் எனக்கு வயிறு எரியும். கைதட்டுகிற பொம்மை ஒன்றை அனுப்பிவிட்டுப் போனைக் கவிழ்த்து வைப்பேன்.

என்னுடைய புஞ்சை, அதாவது நான் மனசுக்குள் பட்டா போட்டுக்கொண்ட புஞ்சை, ஓட்டப்பிடாரம் போகிற பாதையிலிருந்து உள்ளே ஒரு வண்டித்தடத்தில் இருந்தது. என்னிடம் பாலிசி எடுத்திருந்த ஒரு அக்காவின் நிலம். மக்காச்சோளம் போட்டதைக் காட்டுப்பன்றி தின்று தீர்த்ததில் வெறுத்துப்போய்த் தரிசாகப் போட்டுவிட்டார்கள். ஆடு வைத்திருந்த குடும்பம், ஆட்டையும் விற்றாகிவிட்டது. மேய ஆடில்லாமல் புல் மதாளித்து நின்றது. நான் சாயங்காலம் சாயங்காலம் வரப்பில் போய் நிற்பேன். அக்காவும் வீட்டு வேலையை முடித்துவிட்டு வந்து பக்கத்தில் நின்று, பருந்துகள் சுற்றத் தொடங்கியதும் கன்னத்தில் போட்டுக்கொள்வார்.

"கருடன் எப்படிச் சுத்துதாரு பாத்தியா!"

"அக்கா, இது கருடன் இல்ல. பூனைப்பருந்து. வெளிநாட்டுல இருந்து வருது."

"எந்த நாட்டுல இருந்து வந்தா என்னட்டி? பெருமாளச் சுமக்குதவருக்கு வழியா தெரியாது?"

அத்தோடு விட்டுவிட்டேன். கருடன் என்று நம்புகிற வரைக்கும் பருந்துகள் மேல் யாரும் கல்லெறிய மாட்டார்கள் என்று ஒரு சமாதானம்.

அக்காவுக்கு ஒரே மகன். புதியம்புத்தூரில் ரெடிமேட் துணி தைக்கிற இடத்தில் கட்டிங் மாஸ்டர். தங்கமான பையன், ஆனால் வயது முப்பதைத் தாண்டி முன்தலை வழுக்கை விழத் தொடங்கியும் பெண் அமையவில்லை. வந்து பார்த்தவர்கள் எல்லாம் ஏதாவது ஒரு நொட்டை சொல்லிவிட்டுப் போனார்கள். தை பிறந்ததும் கழுகுமலைப் பக்கத்திலிருந்து ஒரு பெண்வீட்டார் வீடு பார்க்க வருவதாக இருந்தது. மார்கழியில் கல்யாணப் பேச்சு எடுக்கக் கூடாது என்பதால் அக்காவுக்கு அந்த மாதம் முழுக்க நெஞ்சு படபடப்பு. ஒருநாள் வரப்பில் நிற்கும்போது, "பொங்கலுக்கு முந்தி டிராக்டர் விட்டு இதை உழுதிரப் போறேன்" என்றார்.

பைனாகுலரைக் கீழே இறக்கினேன். "இனிமே மழையா வரப்போவுது? இப்ப உழுது என்னத்தக்கா வெதைக்கப் போறீங்க?"

"வெதைக்கவா உழப் போறேன்? தரிசாக் கெடந்தா சோம்பேறிக் குடும்பம்னு சொல்லிட்டுல்லா போறாவ. போன தடவ வந்தவிய அப்படித்தான் சொன்னாவ."

"பங்குனி வரைக்கும் விடுங்கக்கா. பருந்து எல்லாம் திரும்பிப் போயிரும். அப்பம் உழுங்க."

"உனக்குப் பருந்து. எனக்கு எம் மவன். நீயே சொல்லு."

எனக்கு ஒரு மகன் இருந்து இப்படி நின்றால் நானும் உழத்தான் செய்வேன். அன்றைக்கு வீட்டுக்கு வந்து காரணமில்லாமல் எல்லார் மேலும் எரிந்து விழுந்தேன்.

மார்கழிக் கடைசியில் ஒரு சாயங்காலம், இன்னும் சில நாள்தானே என்ற ஆற்றாமையோடு வரப்பில் நின்றுகொண்டிருந்தேன். பருந்துகள் வந்து சுற்றிக்கொண்டிருக்கும்போதே புல்லுக்குள்ளிருந்து ஒன்று எழுந்தது. அதையும் பருந்து என்றுதான் நினைத்தேன். இறக்கை அடிப்பு வேறு மாதிரி இருந்தது. மெதுவாக, துளி சத்தம் இல்லாமல் என்னைத் தாண்டிப் போய்த் திரும்பியது. வட்ட முகம், மஞ்சள் கண். பைனாகுலர் மூக்கில் இடித்தது. "ஐயோ, ஐயோ" என்று கத்திவிட்டேன். எப்படியோ போனில் ஒரு படமும் எடுத்தேன்.

"என்னட்டி, பாம்பா?" என்று அக்கா ஓடி வந்தார். அது இன்னொரு சுற்று வந்தது. அக்காவுக்குப் பைனாகுலர் தேவைப்படவில்லை.

"ஆந்தைல்லா அது!"

அப்படியே வரப்பில் உட்கார்ந்துவிட்டார். நல்ல காரியம் பேசுகிற நேரத்தில் ஆந்தை முகத்தில் விழிப்பதையே எங்கள் பக்கம் தாங்க மாட்டார்கள். சொந்த நிலத்தில் குடியிருந்தால்? எனக்கு உள்ளே கொண்டாட்டம், அவர் முகத்தைப் பார்த்தால் இழவு வீடு. இரண்டுக்கும் நடுவில் நின்று முழித்தேன். அக்காவே எழுந்து சேலையைத் தட்டிக்கொண்டார்.

"டிராக்டர் வேண்டாம். விட்டா அது எந்திரிச்சு ஊரெல்லாம் சுத்தும். ஒருத்தன் பாத்தாப் போதும், கழுகுமலைக்குச் சேதி போயிரும். அங்கனயே கெடக்கட்டும். நீ யார்ட்டயாவது வாயத் தொறந்த, இந்தப் பக்கம் காலு வைக்க விட மாட்டேன்."

அவரைக் கட்டிப்பிடிக்கலாம்போல இருந்தது. புஞ்சை பிழைத்தது. ஆனால் அதற்கப்புறம் நான் பட்ட பாடு இருக்கிறதே! இத்தனை வருஷம் ஏங்கிய பறவை போனுக்குள் படமாக இருக்கிறது, ஒருவரிடமும் காட்ட முடியாது. குழுவைத் திறப்பேன், மூடுவேன், மறுபடி திறப்பேன். வாக்குறுதி கேட்டது பாலிசி எடுத்தவர் என்பதற்காக இல்லை, அந்தப் பையனை நினைத்து விரலை மடக்கிக்கொள்வேன். வீட்டுக்காரரிடம் மட்டும் சொன்னேன். "ஒரு ஆந்தைக்கா இந்தப் பாடு?" என்றார். அன்றைக்கு அவருடைய ரசத்தில் உப்பு போடவில்லை.

தை பிறந்தது. பெண்வீட்டார் ஒரு வேனில் வந்தார்கள். "எனக்குக் கையும் ஓடல காலும் ஓடல, கூட நில்லு" என்று அக்கா என்னையும் வரச் சொல்லியிருந்தார். வீடு பிடித்துவிட்டது, பையனையும் பிடித்துவிட்டது. பெண்ணின் அப்பா பருத்தி வியாபாரி, வாட்டசாட்டமான ஆள். பூந்தியும் காப்பியும் முடிந்ததும் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "நெலம் எங்கன இருக்கு? அதையும் பாத்துருவோம்."

எல்லாருமாக நடந்தோம். பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. புல்லைப் பார்த்ததும் அவர் முகம் சுருங்கியது. "என்ன, தரிசாக் கெடக்கு?"

"கருடன் எறங்குத நெலம் அண்ணாச்சி" என்றார் அக்கா. "அதான் ஏர் வைக்கல."

சொல்லி வாய் மூடவில்லை, கிழக்கேயிருந்து முதல் பருந்து வந்தது. பின்னாலேயே கூட்டம் கூட்டமாக வந்து எங்கள் தலைக்கு மேல் சுற்றத் தொடங்கின. வந்தவர்கள் அத்தனை பேரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். பெண்ணின் அப்பாவுக்குக் கண் கலங்கிவிட்டது. அக்கா என்னைப் பார்த்துச் சிரித்தார். அந்த நேரம் பார்த்து அது புல்லுக்குள்ளிருந்து எழுந்தது.

"அது என்ன? மொகம் ஒரு தினுசா வட்டமா இருக்கு?" என்று கேட்டார் பெண்ணின் அம்மா.

அக்காவின் கை என் மணிக்கட்டைப் பிடித்து இறுக்கியது. "இவியகிட்டக் கேளுங்க. இவியளுக்குப் பறவை பூராந் தெரியும்."

எல்லாரும் என் வாயைப் பார்த்தார்கள். என் வாழ்நாளில் ஒரு பறவையின் பெயரை யாரும் என்னிடம் இவ்வளவு ஆவலாகக் கேட்டதில்லை. பெயர் நாக்கு நுனியில் நிற்கிறது. புதுச்சட்டை முதுகோடு ஒட்ட வேர்த்துப்போய் அந்தப் பையன் பின்னால் நிற்கிறான்.

"பருந்துக் குஞ்சு" என்றேன்.

குழுவில் யாராவது கேட்டிருந்தால் என்னைத் தள்ளி வைத்திருப்பார்கள். பெண்ணின் அப்பாவோ பூரித்துப்போனார். "குஞ்சு குளுவானோட எறங்குதாரா! இதுக்கு மேல என்ன வேணும்? பேசி முடிச்சிருவோம். நிச்சயத்தை இங்கனயே வைப்போம், இந்தப் புஞ்சையிலயே. கருடன் பாக்க நடக்கட்டும். ஜேசிபி விட்டுப் புல்லைச் சரிச்சா பந்தல் போட்டுரலாம்."

"அண்ணாச்சி, கருடன் எறங்குத எடத்துல மனுசர் மிதிக்கலாமா?" என்று கேட்டுப் பார்த்தேன்.

"அதுக்கென்ன, செருப்பைக் கழத்தி வெளிய போட்டுட்டு நிப்போம்."

ஆந்தை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஒரு மனுஷர்கூட அந்தப் பக்கம் வர மாட்டார், புல் அப்படியே நிற்கும். அக்காவுக்கும் அது தெரிந்திருந்தது. என் மணிக்கட்டை விட்டுவிட்டார், ஆனால் கண்ணை எடுக்கவில்லை. அந்தப் பையன் சிரித்துக்கொண்டிருந்தான். அவன் சிரித்து நான் அதற்குமுன் பார்த்ததில்லை. நான் வாயைத் திறக்கவில்லை.

நிச்சயத்துக்குப் போனேன். போகாமல் இருக்க முடியவில்லை. புல் இருந்த சுவடே இல்லை, கரிசலை மட்டமாக இழுத்து விட்டிருந்தார்கள். மைக் செட் அலறியது. செருப்புகளை வண்டித்தடத்தில் குவித்துவிட்டு ஊரே வெறுங்காலோடு நின்றது. பெண் அழகாக இருந்தாள். பொழுது சாயும்போது பருந்து ஒன்று வெகு உயரத்தில் வந்தது, சுற்றாமலே மேற்கே போய்விட்டது. சந்தனக் கிண்ணத்தை எடுத்து வைக்கிற சாக்கில் தலையைக் குனிந்துகொண்டேன்.

பெண்ணின் அப்பா கண்ணுக்கு மேல் கையை வைத்து வானத்தைத் துழாவிக்கொண்டே என்னிடம் வந்தார்.

"என்னம்மா, கருடன் ஒருத்தரையும் காணோம்?"

"வருவாரு அண்ணாச்சி" என்றேன்.

அவர் நம்பி, ஒரு நாற்காலியைக் கிழக்கே பார்க்கத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தார்.