ஆறுமுகம் நைனா போட்ட பாடு

மீஞ்சூர் ஸ்டேஷனில் ரயிலுக்காக நின்றிருந்தபோது ஆறுமுகம் நைனாவின் மகள் தேவி போன் செய்தாள். "நர்சக்கா, நைனா போயிட்டாருக்கா." அதற்குமேல் அவளால் பேச முடியவில்லை. காலையில் ஏரியிலிருந்து வந்து வலையை இறக்கிவைத்த ஆறுமுகம் நைனா, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவே இல்லையாம். ரயிலை விட்டுவிட்டுப் பழவேற்காடு பஸ்ஸில் ஏறினேன். நெஞ்சு வலித்தால் உட்காராதீர்கள், ஓடிவாருங்கள் என்று ஊர் ஊராகக் கத்துகிற கிராம நர்ஸ் நான். அந்த மனுஷனிடம் அதைச் சொன்னேனா என்று வழியெல்லாம் யோசித்தேன். ஞாபகம் வரவில்லை.

குப்பத்து ஜனங்களே, அவரைப் பற்றி உங்களுக்குத் தெரியாததை நான் என்ன சொல்லிவிடப் போகிறேன்? ஆனாலும் ஒன்று இருக்கிறது. படித்துவிட்டுத் திட்டுவதென்றால் என்னைத் திட்டுங்கள்.

பிள்ளைகளுக்குக் கொரோனா தடுப்பூசி வந்த சமயம். பன்னிரண்டு வயது முடிந்தவர்களுக்கு உங்கள் பள்ளிக்கூடத்தில் முகாம். ஒரு குப்பியில் இருபது பேருக்கு மருந்து. திறந்துவிட்டால் சில மணி நேரத்துக்குள் போட்டு முடிக்க வேண்டும். நான் பாட்டுக்குப் பதிவேட்டைத் திறந்து முதல் பெயரை வாசித்தேன். கோவிந்தம்மா பாய்ந்து வந்து மகனை இழுத்துக்கொண்டாள். "ஊர்ல இத்தினி புள்ளைங்க கீது, உனக்கு என் புள்ளதான் கெடச்சுதா?" அடுத்த பெயரை வாசித்தேன். அந்த அம்மாவும் அதையேதான் கேட்டாள். பத்து நிமிஷத்தில் பள்ளிக்கூடம் காலி. குப்பியைத் திறக்காமலே திரும்பினேன். போகும்போது, "எப்படியோ நாசமாப் போங்க!" என்றும் சொன்னேன். ஒரு நர்ஸ் சொல்லக்கூடிய வார்த்தையா அது? இன்றைக்கும் நினைத்தால் கூசுகிறது.

மறுநாள் நைனாவிடம் போய்ப் பொரிந்து தள்ளினேன். கரையில் உட்கார்ந்து இறால் தரம் பிரித்துக்கொண்டிருந்தார். கையை நிறுத்தாமல் கேட்டார். "மொதல் பேரு எப்படி வந்துச்சு?"

"அகர வரிசை, நைனா."

"அது உனக்கு வரிசை. அவளுக்கு, நீ கை நீட்டி அவ புள்ளயக் காட்டுன மாதிரிதான் இருக்கும். வயக்காட்டுப் பொண்ணு நீ, உனக்கு இன்னா தெரியும்? பாடு போட்டுக் குத்து."

காட்டூர்க்காரியான எனக்கும் பாடு தெரியும். ஏரியில் எந்த இடத்தில் யார் எந்த நாள் வலை போடுவது என்று குலுக்கி எடுப்பது. வீட்டுக்கு ஒரு அடையாளம்: சிப்பி, ஈயக்குண்டு, கயிற்றுத் துண்டு. எல்லாவற்றையும் ஒரு குண்டானில் போட்டு, மேலே துண்டால் மூடி, முப்பது வருஷமாக நைனாதான் கைவிட்டு எடுத்துவந்தார். ஒரு நாளும் ஒருவரும் அவரைச் சந்தேகப்பட்டதில்லை. "பாடு வுழுந்தா வாயத் தொறக்கக் கூடாது" என்பார். யாரும் திறந்ததுமில்லை.

நைனா பாடு போடப் போகிறார் என்றதும் அடுத்த முகாமுக்கு எல்லோரும் வந்தீர்கள். குண்டானை இடுப்பில் வைத்துப் பிடித்துக்கொண்டவள் நான். நைனா துண்டுக்குள் கையை விட்டுத் துழாவி, முதல் அடையாளத்தை எடுத்து உயர்த்திக் காட்டினார். பழைய பித்தளைப் பொத்தான். அவர் வீட்டு அடையாளமேதான். முதல் ஊசி தேவிக்கு.

அவர் மனைவி பூங்காவனம் அலறிவிட்டாள். தலைப்பிள்ளையைக் காய்ச்சலுக்குக் கொடுத்த வீடு அது. பல வருஷம் கழித்துப் பிறந்தவள் தேவி. "வாணாம்யா, நம்மளக் கடைசியா வெச்சுக்கோ!" என்று காலைப் பிடித்தாள். "பாடு வுழுந்திருச்சி பூங்காவனம்" என்றார். தேவி கையை நீட்டினாள். அதன்பிறகு அடையாளம் வர வர ஒவ்வொரு பிள்ளையாக வந்தது. கோவிந்தம்மாவே மகனைப் பிடித்து உட்காரவைத்தாள். குப்பி தீர்ந்தது.

எல்லோரும் கலைந்த பிறகும் நைனா மட்டும் தேவி எதிரில் உட்கார்ந்து, அவள் மூச்சு விடுவதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலை அவர்கள் வீட்டுக்குப் போனேன். தேவிக்கு ராத்திரி லேசான காய்ச்சல் வந்து இறங்கியிருந்தது. கருவாட்டுக் குழம்பை ஊற்றிப் பழைய சோற்றை ஒரு பிடி பிடித்துக்கொண்டிருந்தாள். அன்றைக்கு ஏரியில் நைனாவின் முறை. அவர் போகவில்லை. கண் இரண்டும் சிவந்து வாசலில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் போய்ச் சொன்னேன்: "நைனா, நான் பார்த்தேன். கைய உள்ள விடறப்பவே பொத்தான் உங்க விரலிடுக்குல இருந்துச்சு."

"பாத்தியா? பாத்துட்டு கம்முனு இரு" என்றார். "வேற வூட்டுப் புள்ளக்கி வுழுந்து, அதுக்கு ஒரு இருமல் வந்தாக்கூட மத்ததுங்க ஒண்ணும் வராது. என் புள்ளன்னா நான் பாத்துக்குவேன். பூங்காவனத்துக்கிட்ட மட்டும் சொல்லிடாத. சாமி குடுத்த பாடுன்னு நெனச்சுக்கினு கீறா."

நான் சொல்லவில்லை. அவர் போன மூன்றாம் நாள் பூங்காவனமே கேட்டாள். "நர்சம்மா, நீதான குண்டானப் புடிச்சினு இருந்த? அன்னிக்கு நெசமாவே எங்க பாடுதான் வுழுந்துச்சா?"

போனவருக்குக் கொடுத்த வாக்கு பெரிதா, இருப்பவள் கேட்கிற கேள்வி பெரிதா? எனக்குப் பொய் வரவில்லை. இல்லை என்றேன். திட்டுவாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்றுதான் நினைத்தேன். அவளோ, "எதனா ஆச்சுன்னா எனக்கு வையறதுக்கு சாமி இருந்துச்சு. அவருக்கு யாரு இருந்தா? ராப்பூரா ஒண்டியா ஒக்காந்து பயந்துக்கினு இருந்தாரே பாவி!" என்று அழுதாள். நானும் அழுதேன். அழுது ஓய்ந்ததும், "எல்லாருக்கும் சொல்லு. தெரியட்டும்" என்றாள். அதனால்தான் எழுதுகிறேன்.

போன வாரம் வேறொரு ஊரில் கைக்குழந்தைக்குத் தடுப்பூசி. மருந்தை ஏற்றிக்கொண்டிருந்தபோது அந்தத் தாய் என் கையைப் பிடித்தாள். "எதனா ஆச்சுன்னா யாரு பதில் சொல்றது?" என்றாள். இத்தனை வருஷ வேலையில் இந்தக் கேள்விக்கு நான் டாக்டரைக் காட்டியிருக்கிறேன், அரசாங்கத்தைக் காட்டியிருக்கிறேன், சுவரில் ஒட்டிய காகிதத்தைக் காட்டியிருக்கிறேன். அன்றைக்கு, "நான் சொல்றேம்மா" என்றேன். ஊசியைப் போட்டுவிட்டு, அடுத்த ஊர் பஸ்ஸை விட்டுவிட்டு, சாயங்காலம்வரை அந்தக் குழந்தையின் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். நைனாவிடமிருந்து எனக்கு மிஞ்சியது, ஊசி போட்ட பிள்ளையின் பக்கத்தில் உட்காரும் அந்த இடம்தான்.