தடுப்புச் சுவரின் உயரம்

“ஐ.டி.ஐ. ஃபிட்டர் தம்பி உடனே வெளியே வரவும். பஞ்சாயத்து ஆபீசுக்குக் கம்பெனிக்காரர்கள் வந்திருக்கிறார்கள். வேன் நாலு மணிக்குப் புறப்படும்.”

கோடு போட்ட நோட்டிலிருந்து கிழித்த அரைத்தாள். வலது மூலையில் ‘சனிக்கிழமை, பிற்பகல் 2.40’ என்று இருக்கிறது. அதற்கு மேலே தேதியும் இருந்தது. அது மடிப்பில் தேய்ந்து, அந்த இடத்தில் காகிதமே விட்டுப்போய்விட்டது. கையெழுத்து என் அப்பாவுடையது. கிழமையும் மணியும் போடாமல் அவர் ஒரு துண்டுச் சீட்டுகூட எழுதமாட்டார். அந்தப் பழக்கம் எனக்கும் வந்திருக்கிறது. அப்போது நான் ஐந்தாம் வகுப்பு. ஒரகடம் சாலையில் அகலப்படுத்தச் செம்மண் கொட்டியிருந்தார்கள், தார் போடவில்லை. இவை இரண்டையும் வைத்து ஆண்டை ஊகிக்கலாம். ஊகத்தை எழுதிவைப்பது என் வழக்கமில்லை.

ஸ்ரீபெரும்புதூரிலிருந்து மறைமலை நகர் வரை மூடிப்போன சினிமாக் கொட்டகைகளைப் பற்றி ஒரு நோட்டில் குறித்துவருகிறேன். எப்போது திறந்தது, கடைசிக் காட்சி எது, கூரை கீற்றா தகரமா, இப்போது அந்த இடத்தில் என்ன இருக்கிறது என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கம். ஒன்று கல்யாண மண்டபம், ஒன்று வடநாட்டுப் பையன்கள் தங்கும் விடுதி, ஒன்று டயர் கிடங்கு. எங்கள் ஊர்க் கொட்டாயின் பக்கத்தை மட்டும் பல வருடங்களாகக் காலியாக வைத்திருந்தேன். தகவல் இல்லாமல் இல்லை. மேலே சொன்ன சீட்டு போய்ச் சேர வேண்டிய இடம் அதுதான். போய்ச் சேரவில்லை.

எங்கள் வீட்டில் சினிமா கிடையாது. அப்பா தேவாலயச் சபைக் கமிட்டியில் இருந்தார். ரேடியோவில் பாட்டு வந்தால்கூட அம்மா குமிழைத் திருப்பிவிடுவாள். அம்மாவின் தம்பி, என் மாமா, எங்களோடுதான் இருந்தார். ஐ.டி.ஐ. முடித்துவிட்டு வேலையில்லாமல் இருந்த இருபத்தொரு வயது மாமா, வாரம் தவறாமல் மதியக் காட்சிக்குப் போய்வந்து, ஆராதனை முடிந்த ஞாயிறு மதியத்தில் கிணற்றடியில் உட்கார்ந்து எனக்குக் கதை சொல்வார். சண்டை வந்தால் எழுந்து சண்டை போடுவார். ஆனால் எந்தப் படத்தையும் முழுதாகச் சொன்னதில்லை. இடைவேளை வரைக்கும் சொல்லிவிட்டு, “மீதி அடுத்த வாரம் பாப்பா, ரீலு மாத்தறாங்க” என்று எழுந்துவிடுவார்.

அந்த ரீல் மாற்றும் விஷயமும் அவர் சொல்லித்தான் தெரியும். கொட்டாயில் ஒரே ஒரு புரொஜெக்டர். அதனால் ஒரு படத்துக்கு மூன்று தடவை விளக்கு போடுவார்கள். அந்த நேரத்தில் விளம்பர ஸ்லைடுகளோடு ஆள் கூப்பிடும் ஸ்லைடும் வரும். யாராவது வாசலில் வந்து சீட்டு கொடுத்தால், ஆப்பரேட்டர் கண்ணாடித் துண்டில் மை தடவி ஈர்க்குச்சியால் எழுதித் திரையில் காட்டுவார். ‘செங்கல் சூளை மேஸ்திரி வெளியே வரவும்’ என்று போட்டால், மேஸ்திரி எழுந்து வாசலைத் தாண்டும்வரை விசில் ஓயாதாம். ‘உங்களுக்கு ஆண் குழந்தை’ என்று போட்ட அன்று மொத்தக் கொட்டாயும் கைதட்டியதாம்.

தொழிற்பேட்டைக்கு நிலம் கொடுத்த வீடுகளில் படித்த பையன்களைக் கம்பெனிக்கு எடுக்கப்போகிறார்கள் என்று பேச்சு வெகுநாளாக இருந்தது. அந்தச் சனிக்கிழமை மதியம் முன்னறிவிப்பு ஏதுமின்றி வேன் வந்துவிட்டது. அப்பா மாமாவின் சர்ட்டிபிகேட்டைப் பிளாஸ்டிக் உறையில் சுருட்டிக்கொண்டு வரிசையில் நின்றார். ஆள் நேரில் வர வேண்டும் என்றார்கள். மாமா எங்கே இருப்பார் என்று எனக்குத் தெரியும், அப்பாவுக்கும் தெரியும். கொட்டாய் சைக்கிளில் பத்து நிமிடம். சர்ட்டிபிகேட்டை யாரிடமாவது கொடுத்துவிட்டு அப்பாவே போயிருக்கலாம். கொட்டாய் வாசலில் அவர் நிற்பதைச் சபைக்காரர்கள் பார்த்துவிட்டால்? அதனால் சீட்டு எழுதினார். திரையில் வரும் என்பதால் ஊரையும் பெயரையும் எழுதவில்லை. சைக்கிளை என்னிடம் கொடுத்தார்.

“உள்ள போவாத. வாசல்லயே குடுத்துட்டு, அவனோட வா.”

குரங்குப் பெடல் போட்டுக்கொண்டு போய்ச் சேர்ந்தபோது படம் தொடங்கியிருந்தது. டிக்கெட் கிழிக்கிறவர் ஸ்டூலில் உட்கார்ந்து பல் குத்திக்கொண்டிருந்தார்.

“இன்னா பாப்பா?”

“எங்க மாமாவ கூப்புடணும்.”

“ஆம்பளைங்க பக்கம் நீ போவக் கூடாது. சீட்டு கீதா?”

காட்டினேன்.

“அந்த இரும்புப் படி ஏறி ஆப்பரேட்டராண்ட குடு. ரீலு மாத்தசொல்ல போடுவாரு. அது வரிக்கும் பொம்பளைங்க பக்கம் குந்திக்கோ. படிச்சவுரு எழுதின மாரி கீதே! எங்க ஆப்பரேட்டரு இத்த எழுத ரெண்டு கண்ணாடித் துண்டு ஓணும்.”

படிக்கட்டுக்குப் போகும் வழியில் ஒரு கறுப்புத் துணி தொங்கியது. அதை விலக்கினேன். அவ்வளவு பெரிய முகத்தை நான் அதுவரை பார்த்ததில்லை. ஒரு பெண்ணின் கண்ணில் நீர் திரண்டு, விழாமல் நின்றிருந்தது. அந்தக் கண் எங்கள் வீட்டுக் கதவைவிடப் பெரிது. அது போன ஞாயிறு மாமா பாதியில் நிறுத்திய கதை. ரயில் நிலையத்தில் குழந்தையைத் தவறவிட்டவள். குழந்தை கிடைத்ததா என்று அந்த வாரம் முழுக்கக் கேட்டும் அவர் சொல்லவில்லை.

நான் படி ஏறவில்லை. பெண்கள் பக்கத்தில், சிமெண்டுத் தரையில் போய் உட்கார்ந்தேன்.

முதல் தடவை விளக்கு வந்தது. பெண்கள் பக்கத்துக்கும் ஆண்கள் பக்கத்துக்கும் நடுவே ஒரு தடுப்புச் சுவர். அதற்கு அந்தப்புறம் மாமா உட்கார்ந்திருந்தார். காலையில் போட்டிருந்த அதே கோடு போட்ட சட்டை. முறுக்கைக் கடித்தபடி பக்கத்து ஆளிடம் ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார். எழுந்து “மாமா” என்று கத்தினாலே போதும். சீட்டே தேவையில்லை. ஆனால் கத்தினால் வெளியே வருவார், என்னைச் சைக்கிளில் ஏற்றுவார், குழந்தை கிடைத்ததா என்பது தெரியாமலே போய்விடும். முன்னால் இருந்த அம்மாளின் முதுகுக்குப் பின்னால் குனிந்துகொண்டேன். குனிந்தபோது இரண்டு வரிசை தள்ளி எங்களுக்கு ஞாயிறு பள்ளியில் பாடம் எடுக்கும் அக்கா தெரிந்தாள். அவளும் என்னைப் பார்த்தாள். முந்தானையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டாள். அதன்பின் அவள் கல்யாணமாகிப் போகும்வரை எனக்கு மனப்பாட வசனத்தில் ஒரு மதிப்பெண்ணும் குறைந்ததில்லை.

இரண்டாவது தடவை விளக்கு வந்தபோது மனம் உறுத்தியது. எழுந்து படியேறினேன். ஆப்பரேட்டர் பனியனோடு கதவைத் திறந்தார். உள்ளே அனலடித்தது.

“இன்னா பாப்பா, சீட்டா?”

கை முட்டிக்குள் சீட்டு வியர்வையில் ஊறியிருந்தது.

“இல்ல. தண்ணி எங்க கீதுன்னு…”

“கீழ பானை கீது, போ.”

அந்த நேரம் மூன்றே முக்காலை ஒட்டி இருக்க வேண்டும். படம் தொடங்கும் நேரத்தையும் ஒரு ரீல் ஓடும் நேரத்தையும் வைத்துப் பிற்பாடு பலமுறை கணக்கிட்டிருக்கிறேன். அப்போது கொடுத்திருந்தாலும் மாமா சைக்கிளை மிதித்து வேனைப் பிடித்திருக்கலாம்.

படம் முடிவதற்குச் சற்று முன்பே வெளியே வந்து சைக்கிளை மிதித்தேன். பஞ்சாயத்து ஆபீஸ் வாசலில் அப்பா மட்டும் நின்றிருந்தார், அதே பிளாஸ்டிக் உறையோடு. மண்ணில் வேனின் டயர் தடம்.

“குடுத்தியா?”

“குடுத்தேன்பா. ஸ்லைடு போட்டாங்க. மாமா எழுந்து வரல.”

சீட்டைக் கொடுக்காததைச் சின்னப் பெண்ணின் ஆசை என்று இன்று யாராவது மன்னிக்கலாம். இந்த மூன்று வாக்கியங்களுக்கு அப்படி எதுவும் சொல்ல முடியாது. யாரும் சொல்லித்தராமல், ஒரு நொடியும் தயங்காமல் வந்தவை அவை.

மாமா வீட்டுக்குள் காலை வைத்ததுமே அம்மா பிடித்துக்கொண்டாள்.

“டேய், ஸ்லைடு போட்டுங்கூட எழுந்து வர முடியலையா உனுக்கு? அப்படி இன்னாடா படம்? உன் பொழப்பு வேன் ஏறிப் போயிடுச்சுடா!”

“இன்னா ஸ்லைடு?” என்றார் மாமா.

“பாப்பாதான் கொண்டாந்து குடுத்தாளே!”

மாமா என்னைப் பார்த்தார். நான் பாவாடை நுனியைத் திருகிக்கொண்டிருந்தேன்.

“தூங்கிட்டேன் அக்கா,” என்றார். “கவனிக்கல.”

அப்பா அவரோடு ஒரு வருடத்துக்கு மேல் பேசவில்லை. எனக்கோ அன்று நிம்மதியாக இருந்தது. தப்பித்தேன் என்று நினைத்தேன். ஆனால் சிரித்துக்கொண்டு முறுக்கு தின்றவர் எப்போது தூங்கினார் என்று யோசிக்கக்கூட எனக்குத் தோன்றவில்லை. அவர் சோம்பேறி என்று வீட்டில் சொன்னபோதெல்லாம் நானும் தலையாட்டினேன். அதற்குப்பின் ஞாயிறு மதியங்களில் கதையும் இல்லை. குழந்தை கிடைத்ததா? அதுவும் இப்போது நினைவில் இல்லை.

அன்று வேனில் போனவர்கள் நிரந்தரமானார்கள். மாமா பல வருடம் கழித்து, காண்ட்ராக்ட் ஆளாக வல்லம் வடகால் பக்கம் ஒரு கம்பெனியில் பெட்டி ஏற்றப் போனார். இன்றும் காண்ட்ராக்ட்தான். நான் வேறொரு கம்பெனியில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் இருக்கிறேன். எங்களுக்குக் கழுத்தில் நீல நாடா, காண்ட்ராக்ட் ஆட்களுக்கு மஞ்சள். ஷிப்ட் முடிந்து பஸ்சுக்கு நிற்கையில் சாலையின் எதிர்ப்பக்கம் மஞ்சள் நாடாவோடு அவர் நிற்பதைப் பார்த்தால் என் நாடாவைச் சட்டைப் பைக்குள் விட்டுக்கொள்வேன்.

கொட்டாயும் அதற்குள் போய்விட்டது. கேபிள் டி.வி. வந்தபோது தள்ளாடியது. ஊரே ஷிப்டுக்குப் போனபின் மதியக் காட்சிக்கு ஆளில்லை. கடைசி நாட்களில் ஞாயிற்றுக்கிழமை மட்டும் இந்திப் படம் ஓட்டினார்கள். இப்போது அங்கே கண்டெய்னர் லாரிகள் நிற்கின்றன.

போன மாதம் மறைமலை நகரில் மாமா குடியிருக்கும் வீட்டுக்குப் போய், சீட்டை எடுத்து நீட்டினேன். பழைய ஜியாமெட்ரி பாக்ஸின் அடியில் இத்தனை வருடம் இருந்தது.

“மாமா, இத்த அன்னிக்கு நான் குடுக்கவே இல்ல.”

கண்ணாடி போட்டுக்கொண்டு மெதுவாகப் படித்தார். இரண்டாவது தடவையும் படித்தார்.

“உங்கப்பா எழுத்து அச்சடிச்ச மாரி கீது பாரு,” என்றார். பிறகு விரலை முதல் வரியில் வைத்து, “ஃபிட்டர்னு போட்டுக்கீறாரு. என் கேட் பாஸ்ல கூட ஹெல்பர்னுதான் பாப்பா போடுவாங்க. இத்த நான் வெச்சிக்கட்டா?”

கொடுத்தேன். வரிகளைப் பிரதியெடுத்துக்கொண்டுதான் கொடுத்தேன், பழக்கம் விடவில்லை. கிளம்பும்போது கேட்டேன்: “அன்னிக்கு கொட்டாயில நீ என்னைப் பாத்தியா மாமா?”

“எங்கேர்ந்து பாக்கறது? நடுவுல அந்தச் சுவரு எவ்ளோ ஒசரம்! எழுந்து நின்னாக்கூட அந்தாண்ட ஒன்னும் தெரியாது.”

நான் தரையில் உட்கார்ந்தபடியே, அவர் முறுக்கு கடித்ததைப் பார்த்தேன். அந்தச் சுவருக்கு மேலாக நான் அவரைப் பார்க்க முடிந்தால் அவரும் என்னைப் பார்க்க முடியும் என்பது அந்த வயதில் எனக்கு எட்டவில்லை. அவர் பார்த்திருந்தால், முதன்முதலாகப் படம் பார்க்க வந்த பிள்ளையைக் கலைக்க வேண்டாம் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டிருப்பார். அந்த நேரத்தில் என் கையில் என்ன இருந்தது என்று அவருக்குத் தெரிந்திருக்க வழியில்லை.

நோட்டில் எங்கள் ஊர்க் கொட்டாயின் பக்கத்தை இந்த வாரம் நிரப்பிவிட்டேன், ஒரு வரி தவிர. தடுப்புச் சுவரின் உயரம்: என் நினைவில் இரண்டு அடி, மாமா சொல்வதில் ஆள் உயரத்துக்கு மேல். கட்டிடம் இல்லை, அளக்க முடியாது. இன்னும் சரிபார்க்கப்படவில்லை.