உப்பில்லாத குழம்பு

மகள் டிவியில் ஒரு ஸ்பானிஷ் படம் போட்டாள். தமிழில் பேச வைத்திருந்தார்கள். புருஷன் செத்த பிறகு ஒரு பொம்பளை அவன் நாற்காலியிலேயே கால்மேல் கால் போட்டு உட்கார்ந்து, தனக்குப் பிடித்ததை வாணலியோடு வைத்துத் தின்றாள். மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

என் வீட்டுக்காரருக்கு மரக்காணம் உப்பளத்தில் வேலை. நாளெல்லாம் உப்பு வாரிவிட்டு வருபவருக்கு உதட்டிலேயே உப்பு நிற்கும். குழம்பில் உப்பு தெரிந்தால் தட்டு பறக்கும். அவருக்காக எல்லோருக்கும் சப்பென்றுதான் சமைத்தேன். அவர் சாப்பிட்டு எழும்வரை உட்கார்ந்ததும் இல்லை. அவர் போய் வருஷம் திரும்பிவிட்டது, குழம்பு மட்டும் மாறவில்லை. என்ன எழவோ, உப்புக்குக் கை போனாலே பின்னால் அவர் செருமுவது கேட்கும்.

படம் முடிந்ததும் அடுப்படிக்குப் போய்க் குழம்பில் வேண்டிய மட்டும் கல்லுப்பு போட்டேன். செருமல் கேட்டது.

"கரிச்சா கரிக்கட்டும்யா!" என்றேன் சத்தமாக.

"யார்கிட்டம்மா பேசுற?" என்றாள் மகள்.

சோற்றில் ஊற்றிப் பிசைந்து தின்றேன். ருசியாகத்தான் இருந்தது. பாதித் தட்டு காலியான பிறகுதான் கவனித்தேன். சுவரோரம் நின்றுகொண்டே தின்கிறேன், அவர் எழுந்திருக்கட்டும் என்று.